வாசகர் கேள்வி பதில்: விலையும் சட்டமும் வழக்கமும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காசைப் பற்றியவை. விலைவாசி, வரி, கல்யாணக் கடன், கைவிட்டுப் போகிற தொழில். எல்லாவற்றுக்கும் ஒரே இதழில் பதில் எழுத இடமில்லை, அதனால் பலரும் கேட்டிருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: புயல், வெள்ளம் என்று ஏதாவது வந்தவுடன் மெழுகுவர்த்தியில் தொடங்கி ஜெனரேட்டர் வரை விலை மூன்று மடங்காகிவிடுகிறது. "தேவை கூடினால் விலை கூடும், இதுதான் பொருளாதாரம்" என்கிறார் நண்பர். எனக்கு இது கொள்ளையாகத்தான் படுகிறது. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் நீங்கள் பேசுவது முதல் நாளைப் பற்றி, அவர் பேசுவது பத்தாம் நாளைப் பற்றி.

நண்பர் பக்கத்தை முதலில் பார்ப்போம். விலை என்பது ஒரு சேதி. ஃபிரெட்ரிக் ஹயெக் என்ற பொருளியலாளர் 1945-ல் வெள்ளீயத்தை வைத்து இதை விளக்கினார். உலகத்தில் எங்கோ ஒரு வெள்ளீயச் சுரங்கம் நின்றுபோயிருக்கலாம், அல்லது வெள்ளீயத்துக்குப் புதிதாக ஒரு பயன் கிடைத்திருக்கலாம், இரண்டில் எது நடந்தது என்று அதை வாங்குகிறவருக்குத் தெரியவே வேண்டியதில்லை, விலை ஏறியதைப் பார்த்ததும் அவர் கையைச் சுருக்கிக்கொள்வார், மாற்றுப் பொருள் வைத்திருப்பவர் அதை எடுத்துக்கொண்டு சந்தைக்கு வருவார். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை, ஆனாலும் ஒருவரையொருவர் அறியாத லட்சக்கணக்கான பேர் ஒரே பற்றாக்குறைக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொள்கிறார்கள். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது பெரிய அதிசயமாகவே தெரிகிறது.

இந்தச் சேதியின் வாயைக் கட்டினால் என்ன ஆகும் என்பதை ஜிம்பாப்வே பார்த்துவிட்டது. பணவீக்கம் கைமீறிப் போனபோது, 2007 ஜூனில், கடைகள் விலையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு உத்தரவு போட்டது, மீறிய வியாபாரிகளைக் கைது செய்தது. முதல் சில நாள் கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. அப்புறம் அலமாரிகள் காலி. வாங்கிய விலைக்கும் கீழே விற்கச் சொன்னால் மறுபடி சரக்கு எடுக்க யார் வருவார்கள்? கி.பி. 301-ல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு உச்ச விலை வைத்து, மீறினால் மரண தண்டனை என்று அறிவித்தார், அந்த ஆணையும் நிலைக்கவில்லை.

சரி, இப்போது உங்கள் பக்கம். பாலம் உடைந்து, சாலை மூழ்கி, இரண்டு நாளைக்கு வெளியிலிருந்து ஒரு வண்டியும் வர முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளில் விலை எவ்வளவு ஏறினாலும் புதிதாக ஒரு மெழுகுவர்த்தி ஊருக்குள் வரப்போவதில்லை. சேதியைக் கேட்டு ஓடிவர ஆள் இல்லாத இடத்தில் விலை செய்கிற ஒரே வேலை, இருப்பதை யார் எடுத்துக்கொள்வது என்று தீர்மானிப்பதுதான், அதைக் கையில் ரொக்கம் உள்ளவருக்குச் சாதகமாகத் தீர்மானிக்கிறது. கைக்குழந்தை வைத்திருக்கிற வீட்டுக்கு ரொக்கம் இல்லையென்றால் அந்த வீட்டின் தேவை விலையில் பதிவே ஆகாது. பிரிட்டன் 1940 முதல் 1954 வரை பங்கீட்டு அட்டை வைத்துச் சமாளித்ததற்கும் இதுவே காரணம், கடல்வழி தடைப்பட்ட காலத்தில் விலையை மட்டும் நம்பி விட்டிருந்தால் ஏழைகள் பட்டினி கிடந்திருப்பார்கள்.

ஆக, நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். சரக்கு வர வழி இருக்கிறதா இல்லையா? இல்லாத நாளில் தலைக்கு இவ்வளவு என்று அளந்து, பழைய விலைக்கே கொடுக்க வேண்டும், இதற்கு அரசு ஆணை வந்தால் நான் வரவேற்பேன். வழி திறந்ததும் அந்த ஆணையை உடனே எடுத்துவிட வேண்டும். இரவெல்லாம் வண்டி ஓட்டி ஜெனரேட்டர் கொண்டுவந்தவர் கூடுதலாகக் கேட்டால் அது கொள்ளை இல்லை, அவர் வராமல் இருந்திருந்தால் உங்களுக்கு ஜெனரேட்டரே இல்லை. ஏற்கெனவே கடையில் கிடந்த பெட்டியில் பழைய விலையை அடித்துப் புது விலை ஒட்டியவர் வேறு. இருவரையும் ஒரே வார்த்தையால் திட்டுவது முதலாமவருக்குச் செய்கிற அநியாயம்.

கேள்வி: சுதந்திரச் சந்தை என்றால் முதலாளிகள் இஷ்டப்படி ஆடும் சந்தை என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. வாங்குகிறவருக்கு "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் போக வழி இருந்தால்தான் அது சுதந்திரச் சந்தை. சந்தைக்காக வாதாடியவர்களில் முதல்வராக நாம் நினைக்கிற ஆடம் ஸ்மித்தே, ஒரே தொழில் செய்பவர்கள் கூடிப் பேசினால் பேச்சு விலையேற்றச் சதியில்தான் போய் முடியும் என்று 1776-ல் எழுதினார். அத்தோடு நிறுத்தவில்லை, அப்படிக் கூடுவதைச் சட்டத்தால் தடுக்க முடியாவிட்டாலும், அரசு அதற்கு வசதி செய்து கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார். இந்த இரண்டாம் பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஏகபோகத்தைத் தடுக்க 1890-ல் வந்த ஷெர்மன் சட்டத்தின்படி, எண்ணெய்ச் சந்தையைக் கைக்குள் வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தை 1911-ல் 34 நிறுவனங்களாக உடைத்தார்கள். அதைச் சந்தைக்கு விரோதமான தீர்ப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. சந்தையைக் காப்பாற்றிய தீர்ப்பு என்பேன் நான்.

கேள்வி: வரி கட்டக் கட்டக் கோபம்தான் வருகிறது. கட்டாமல் இருந்தால் என்ன?

பதில்: அறுத்த நெல்லைக் கவளமாக்கிக் கொடுத்தால் சின்ன நிலத்து விளைச்சலே யானைக்குப் பல நாள் வரும், அதே யானை தானே வயலுக்குள் இறங்கினால் வாய்க்குள் போவதைவிடக் காலடியில் அழிவது அதிகம் என்று ஒரு சங்கப் புலவர் பாண்டிய மன்னனுக்குச் சொன்னதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். யானைக்குத் தீனியே போடாதே என்று அவர் சொல்லவில்லை. எவ்வளவு, எப்போது, எதற்காக என்பது முன்கூட்டியே தெரிந்து, ஒரே தடவையில் கட்டி முடிக்கிற வரி கவளம். நாளுக்கொரு விளக்கம், ஆளுக்கொரு விகிதம், பின்தேதியிட்டு வருகிற நோட்டீஸ் எல்லாம் காலடி. கோபத்தைக் காலடி மேல் காட்டுங்கள், கட்டாமல் மட்டும் இருக்காதீர்கள்.

கேள்வி: புது மருந்தோ புதுத் தொழிலோ, எதற்கும் அரசு அனுமதி என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கிறார்கள். மோசமான பொருளை மக்களே ஒதுக்கிவிடுவார்களே, நடுவில் அதிகாரி எதற்கு?

பதில்: அதிகாரிகள் மீது எனக்கும் சலிப்பு உண்டு. ஆனால் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஃபிரான்சஸ் கெல்சியின் நினைவு வரும். 1960-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்த அடுத்த மாதமே தாலிடமைடு என்ற மருந்துக்கான விண்ணப்பம் அவர் மேஜைக்கு வந்தது. மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் விற்பனையில் இருந்த மருந்து, கர்ப்பிணிகளும் குமட்டலுக்குச் சாப்பிட்டார்கள். நிறுவனம் திரும்பத் திரும்ப நெருக்கியது, கெல்சி திரும்பத் திரும்ப "ஆதாரம் போதாது" என்று எழுதினார், நரம்புப் பாதிப்பு பற்றி வந்த செய்திக்கு விளக்கம் கேட்டார். 1961 நவம்பரில் ஜெர்மனியில் அந்த மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்திருந்தார்கள். அமெரிக்காவில் மருத்துவர்களுக்கு மாதிரியாகக் கொடுத்த மாத்திரைகளால் நேர்ந்த சில பாதிப்புகளோடு நின்றது.

மக்களே ஒதுக்கியிருப்பார்கள்தான், ஆனால் எத்தனை குழந்தைகளுக்குப் பிறகு? நம்மால் சரிபார்க்க முடியாததும், தப்பு நடந்தால் திருத்த முடியாததுமான பொருளுக்கு முன்கூட்டியே கேள்வி கேட்க ஒருவர் வேண்டும், அந்த இடத்தில் தாமதத்தை நான் பொறுத்துக்கொள்வேன். முடி திருத்துவதற்கும் பூக்கடை போடுவதற்கும் அதே கண்டிப்பைக் காட்டுவதுதான் தவறு. அப்படிப்பட்ட அனுமதிகளில் பெரும்பாலானவை வாடிக்கையாளரைக் காப்பாற்றுவதில்லை, ஏற்கெனவே கடை வைத்திருப்பவரைத்தான் காப்பாற்றுகின்றன.

கேள்வி: ஐயா, பக்கத்து வீட்டுக் குழந்தையை மாலை நேரத்தில் இரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொண்டேன். போன மாதம் அந்தப் பெண் "சும்மா வாங்கிக்க மனசு வரல அக்கா" என்று மாதாமாதம் ஒரு தொகை கொடுக்க ஆரம்பித்தாள். அதிலிருந்து தாமதமாக வருகிறாள், நானும் கடிகாரத்தைப் பார்க்கிறேன். எங்கே தப்பு?

பதில்: தப்பு உங்கள் இருவரிடமும் இல்லை அம்மா. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் இரண்டு பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள், 2000-ல் அது வெளியானது. மாலையில் குழந்தையைக் கூட்டிப்போகப் பெற்றோர் தாமதமாக வந்தார்கள், அதைக் குறைப்பதற்காக ஆறு காப்பகங்களில் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் சிறு அபராதம் என்று வைத்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை "பாவம், டீச்சர் காத்துக்கொண்டிருப்பாரே" என்று ஓடிவந்தவர்களுக்கு, இப்போது அந்த நேரம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. இதில் என்னைக் கலங்க வைத்தது அடுத்த பகுதி. சில வாரம் கழித்து அபராதத்தை எடுத்துவிட்டார்கள், தாமதம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. காசு உள்ளே வந்தபோது வெளியே போன கூச்சம், காசு போன பிறகும் வீட்டுக்கு வரவில்லை.

சந்தையை மதிக்கிறவன்தான் நான், மேலே அவ்வளவு எழுதியிருக்கிறேன். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்காகக் கண்டுபிடித்த கருவி அது. ஏற்கெனவே நம்பிக்கை இருக்கிற இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால், இருந்த நம்பிக்கைக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. அந்தப் பெண்ணுக்குத் தான் மட்டும் வாங்கிக்கொண்டே இருக்கிறோமே என்ற பாரம், அதை இறக்கி வைக்கத்தான் காசு கொடுத்தாள். பாரத்தை இறக்க வேறு வழி கொடுங்கள். உங்களுக்கு அவளால் ஆகக்கூடிய ஏதோ ஒன்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள், வங்கி வேலையோ, ஆஸ்பத்திரிக்குத் துணையோ. கேட்கத் தெரியாமல் கொடுக்க மட்டும் தெரிந்த நல்லவர்களால்தான் பல உறவுகள் இப்படிக் கணக்குக்குப் போய்விடுகின்றன. அது முடியாது, எனக்கும் பணம் தேவை என்றால் அதிலும் குறையில்லை, நேரத்தையும் தொகையையும் வாய்விட்டுப் பேசி வேலையாகவே செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் உங்களை வதைக்கிறது.

கேள்வி: நீங்கள் இடதுசாரியா, வலதுசாரியா?

பதில்: மேலே இருக்கிற பதில்களைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், எனக்கு வருகிற கடிதங்களில் இரண்டு பட்டமும் சம அளவில் இருக்கின்றன.

கேள்வி: மகள் திருமணத்துக்குக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. இந்த ஆடம்பரத்தை எல்லோரும் திட்டுகிறார்கள், எல்லோரும் செய்கிறார்கள். திருமணச் செலவுக்கு அரசு உச்சவரம்பு போட்டால் என்ன?

பதில்: போடலாம், ஆனால் சட்டம் மட்டும் வந்தால் செலவு கணக்கில் காட்டாத இடத்துக்குப் போய்விடும். சீனாவில் பெண் குழந்தைகளின் பாதத்தை இறுகக் கட்டி வளரவிடாமல் செய்யும் வழக்கம் பல நூற்றாண்டுகள் இருந்தது. கட்டாத பெண்ணுக்கு வரன் கிடைக்காது என்பதுதான் காரணம். குழந்தை வலியில் அழுவதை எந்தத் தாயும் விரும்பியிருக்க மாட்டாள், ஆனால் நான் மட்டும் நிறுத்தினால் என் மகள் மட்டும்தானே தனியாக நிற்பாள்? 17-ஆம் நூற்றாண்டில் மஞ்சு பேரரசு தடை போட்டுப் பார்த்து, சில ஆண்டுகளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய சங்கங்கள் வேறு வழி பிடித்தன. சேருகிற குடும்பங்கள் எங்கள் மகளுக்குக் கட்ட மாட்டோம் என்று மட்டும் உறுதி எடுக்கவில்லை, பாதம் கட்டிய பெண்ணை எங்கள் மகனுக்கு எடுக்க மாட்டோம் என்றும் உறுதி எடுத்தன. இந்த இரண்டாவது உறுதியில்தான் எல்லாமே இருக்கிறது. மகள் தனியாக நிற்க மாட்டாள் என்று தெரிந்ததும் தாய்மார்களுக்குத் துணிச்சல் வந்தது, ஓரிரு தலைமுறைக்குள் வழக்கம் உதிர்ந்தது. 1912-ல் புதிய குடியரசு தடை விதித்தபோது அதற்கான பாதையைக் குடும்பங்களே பாதி போட்டு வைத்திருந்தன.

உங்கள் நிலைமையும் அதே முடிச்சுதான். தனியாக எளிமையாகச் செய்தால் "கையில் இல்லை போலும்" என்பார்கள். ஆகவே தனியாகச் செய்யாதீர்கள். கல்யாண வயதில் பிள்ளை இருக்கிற நாலைந்து குடும்பங்களிடம் பேசுங்கள், பெண் வீட்டாரை மட்டும் கூட்டினால் பயனில்லை, பையனைப் பெற்றவர்களும் வேண்டும். இத்தனை பேர், ஒரே வேளை, கடன் கிடையாது என்று சேர்ந்து முடிவெடுத்து, அதை எல்லோரும் கேட்கும்படி அறிவித்துவிடுங்கள். மனதுக்குள் வைத்துக்கொண்ட உறுதி முதல் சம்பந்தி பேச்சிலேயே கரைந்துவிடும். சடங்குகளைக் குறைக்கச் சொல்லவில்லை, மகளை வாழ்த்த நாலு பேர் கூடுவதும் பெரியவர்கள் முன்னால் வாக்குக் கொடுப்பதும் எனக்குப் பிடித்தமானவை, அவற்றுக்குக் கடன் தேவைப்படாது.

கேள்வி: பாசனக் கால்வாய், மேய்ச்சல் நிலம் போன்றவற்றை அரசிடம் விட்டால் பாழாகிறது, தனியாரிடம் விட்டால் எளியவருக்குக் கிடைப்பதில்லை. மூன்றாவது வழி உண்டா?

பதில்: உண்டு, மிகப் பழைய வழி. ஸ்பெயினின் வலேன்சியா நகரில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில், பேராலய வாசலில், எட்டு விவசாயிகள் வட்டமாக உட்காருவார்கள். ஆளுக்கொரு கால்வாயின் பிரதிநிதி, அந்தக் கால்வாய்க்காரர்களே தேர்ந்தெடுத்தவர். முறை தப்பித் தண்ணீர் எடுத்தவர் மீதான புகாரை வாய்மொழியாகவே விசாரித்து அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பல நூற்றாண்டாக நடக்கிற இந்தத் தண்ணீர் மன்றத்தை 2009-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண், இப்படிப்பட்ட ஏற்பாடுகளைத்தான் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517-லேயே ஒரு விதி இருந்தது, குளிர்காலத்தில் உன் தீவனத்தால் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ அத்தனையைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். எவ்வளவு எளிமை பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரே எண்ணிச் சொல்லிவிடுவார், இன்ஸ்பெக்டர் தேவையில்லை.

ஆனால் இதைப் பொற்காலமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அதே டோர்பெலில், வெளியூர்க்காரர் அங்கே நிலம் வாங்கினாலும் பொது மேய்ச்சலில் உரிமை கிடையாது என்று 1483-லேயே எழுதி வைத்திருந்தார்கள். ஊர் கூடி எடுக்கிற முடிவில் ஊருக்குள் சேர்க்கப்படாதவருக்குக் குரல் இருக்காது. அந்த இடத்தில் அரசின் சட்டம் உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.

கேள்வி: எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மரவேலை செய்கிறது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது. நான் வேறு வேலையில் இருக்கிறேன், இந்தத் தொழிலில் வருமானம் இல்லை. விடுவது துரோகமா?

பதில்: இல்லை. பிறந்த வீட்டின் தொழிலையே செய்தாக வேண்டும் என்று யாரையும் கட்டிப்போட்ட காலம் போனது நல்லதுக்குத்தான், சந்தை மனிதருக்குச் செய்த பெரிய உதவிகளில் அதுவும் ஒன்று.

ஆனால் தொழிலை விடுவது வேறு, அப்பாவின் கைக்குள் இருப்பதை விடுவது வேறு. ஜப்பானில் இசே என்ற ஊரில் உள்ள ஷிண்டோ ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பழைய அமைப்பிலேயே புதிதாகக் கட்டுகிறார்கள். கி.பி. 690-ல் தொடங்கியது, நடுவில் உள்நாட்டுப் போரால் நூறாண்டுக்கு மேல் நின்றுபோய்ப் பிறகு தொடர்ந்தது, கடைசியாக 2013-ல் கட்டினார்கள். இருபது ஆண்டு என்பது அழகான கணக்கு. முதல் முறை கூடமாட நின்ற சிறுவன் அடுத்த முறை தானே தச்சன், அதற்கடுத்த முறை கற்றுக்கொடுக்கிறவன். அங்கே மிஞ்சுகிற முக்கியமான பொருள் கட்டடம் இல்லை, செய்யத் தெரிந்த கைகள். அதே நாடு 1950-ல் ஒரு சட்டம் இயற்றி, அரிய கைத்திறன் உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுக்கிறது. அரசு செய்ய வேண்டிய வேலை அது, விலையை மட்டும் பார்த்து நடக்கிற சந்தைக்கு இன்னொரு முப்பது ஆண்டு கழித்து யாருக்கு இந்தத் திறன் தேவைப்படும் என்று தெரியாது.

உங்கள் அப்பாவுக்கு அப்படி உதவி வருமா என்று காத்திருக்க நேரமில்லை. விடுமுறை நாளில் அவரோடு உட்காருங்கள். எந்த மரத்தை எந்தப் பருவத்தில் வெட்டுவது, ரேகையை எப்படிப் பார்ப்பது, இணைப்பை ஏன் இந்தக் கோணத்தில் எடுப்பது என்று கேட்டுக் கேட்டுப் படம்பிடியுங்கள், முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பிடியுங்கள். ஒரு சின்னப் பெட்டியாவது அவர் சொல்லச் சொல்ல நீங்களே செய்து பாருங்கள், பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத பாதி விஷயம் அதில்தான் வரும். கற்றுக்கொள்ள விருப்பமுள்ள பிள்ளை வேறு யாராவது தெருவில் இருந்தால், உங்கள் குடும்பமா இல்லையா என்று பார்க்காமல் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.